வேண்டாம் என்ற பிறகும்

கணினி பழுது பார்ப்பவன் நான். அடுத்தவர் கணினிக்குள் கண்டதை வெளியே சொல்லாதிருப்பது எங்கள் தொழிலின் முதல் நாணயம். அதனால்தான் 1999 மார்ச்சில் அமெரிக்காவில் வெளிவந்த செய்தி எனக்கு இன்றும் உறுத்துகிறது.

விண்டோஸ் 98ஐப் பதிவு செய்யும்போது, வன்பொருள் விவரங்களை அனுப்பலாமா என்று திரையில் ஒரு கேள்வி வரும். 'வேண்டாம்' என்று சொன்னாலும், அந்தக் கணினிக்கே உரிய அடையாள எண் மைக்ரோசாஃப்ட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. மாசசூசெட்ஸ் நிரலாளர் ரிச்சர்ட் ஸ்மித் இதை அம்பலப்படுத்தினார். ஆஃபீஸ் 97 ஆவணங்களுக்குள்ளும் அப்படியோர் எண் பதிந்திருந்தது. ஈதர்நெட் அட்டையின் முகவரி அதில் அடக்கம். பெயர் போடாமல் எழுதிய கடிதம்கூட எந்தக் கணினியில் பிறந்தது என்று கண்டுபிடித்துவிடலாம். பிழை என்று சொல்லி, திருத்துவதாக நிறுவனம் உறுதியளித்தது.

2006இல் மறுபடியும். விண்டோஸ் அசலா நகலா என்று பார்க்கும் நிரல் ஒன்று, பாதுகாப்புத் திருத்தங்கள் வரும் அதே வழியில் கணினிகளுக்குள் வந்தது. நாள்தோறும் நிறுவனத்தோடு தொடர்புகொண்டது. இதை எதிர்த்துச் சியாட்டிலில் வழக்குப் போட்டார்கள். மறு ஆண்டு, 'என்னைக் கேட்டுவிட்டு நிறுவு' என்று அமைத்திருந்தவர்களின் கணினிகளிலும் விண்டோஸின் புதுப்பிப்பு நிரல் கேட்காமலே தன்னைத்தானே மாற்றிக்கொண்டது.

கணினியில் எந்தப் பதிப்பு இருக்கிறது என்று பார்க்காமல் திருத்தம் அனுப்ப முடியாது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தச் சோதனையைக் கணினிக்குள்ளேயே முடித்துக்கொள்ளலாம். டெபியன் லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் திருத்தங்களின் பட்டியல்தான் நம்மிடம் வருகிறது, நம் கணினியில் உள்ள நிரல்களின் பட்டியல் வெளியே போவதில்லை.