வட்டம் மாதிரி இருந்தால் போதாது

மலருக்குக் கட்டுரை கேட்டுச் சங்கச் செயலாளர் எழுதியதும், 1974-ல் இறுதியாண்டில் நாங்கள் நான்கு பேர் செய்த குட்டி நீராவி எஞ்சின்தான் நினைவுக்கு வந்தது. அதைச் சொல்லுமுன் வேறொரு கல்விக்கூடத்து மாதிரி எஞ்சினைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்துவதற்காக நியூகோமன் எஞ்சினின் சிறிய மாதிரி ஒன்று இருந்தது. சிலிண்டர் விட்டம் 2 அங்குலம். பிஸ்டன் ஓட்டம் 6 அங்குலம். 1763-64 குளிர்காலத்தில் அதைப் பழுதுபார்க்கும் வேலை, அங்கே கருவிகள் செய்துவந்த ஜேம்ஸ் வாட்டிடம் வந்தது. ரிப்பேர் செய்தும் அது சில அடிகள் ஓடி நின்றுவிட்டது! ஒவ்வொரு அடிக்கும் சிலிண்டருக்குள்ளேயே தண்ணீர் தெளித்து நீராவியைக் குளிர்வித்ததால், குளிர்ந்த சுவரை மறுபடி சூடாக்கவே நீராவியின் பெரும்பகுதி வீணானது. சின்ன சிலிண்டரில் கொள்ளளவைப் பார்க்கச் சுவர்ப்பரப்பு அதிகம். பெரிய எஞ்சினில் மறைந்திருந்த குறை மாதிரியில் பளிச்சென்று தெரிந்தது. நீராவியைத் தனிக் கலத்தில் குளிர்விக்கலாம் என்ற விடை 1765-ல் வாட்டுக்குக் கிடைத்தது.

விடை கிடைத்தும் எஞ்சின் கிடைக்கவில்லை. பழைய எஞ்சினில் பிஸ்டன் மேல் தண்ணீர் தேக்கி இடுக்கை அடைத்தார்கள். வாட்டின் சிலிண்டரோ சூடாகவே இருக்க வேண்டும், தண்ணீர் ஆகாது. எனவே துளை சுத்த வட்டமாக வேண்டும். அன்றைய போரிங் தண்டுக்கு ஒரு முனையில்தான் தாங்கல். வார்ப்பு கோணலானால் துளையும் கோணல்தான். 1775-ல் ஜான் வில்கின்சன் தண்டை இருமுனையிலும் தாங்கிய இயந்திரம் செய்தார். அதில் கடைந்த 50 அங்குல சிலிண்டரில் பிழை ஒரு பழைய ஷில்லிங் நாணயத்தின் கனம்கூட இல்லை என்று வாட்டின் கூட்டாளி போல்டன் 1776-ல் எழுதினார். அந்த ஆண்டுதான் அவர்களின் எஞ்சின்கள் வேலைக்கு வந்தன. யோசனை பிறந்து 11 ஆண்டு!

எங்கள் கதையும் அதுதான். வரைபடம் பிரமாதம். ஒரு அங்குல வார்ப்பிரும்பு சிலிண்டரைச் சக்கில் இறுக்கிக் கடைந்தோம். கம்ப்ரஸர் காற்று விட்டால் பிஸ்டன் ஓரமாய் உஸ்ஸென்று போயிற்று. பணிமனை லேத் ஆபரேட்டரிடம் ஓடினோம். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. "வட்டம் மாதிரி இருக்கு, வட்டம் இல்ல தம்பி. மெல்லிசுச் சுவரு. மூணு தாடையும் நசுக்கியிருக்கு, கழட்டினதும் துளை மூணு மூலையாயிடுச்சு" என்றார். பழையதைத் தள்ளிவிட்டுப் புது வார்ப்பை ஃபேஸ் பிளேட்டில் மேலிருந்து அழுத்திப் பிடித்து, கடைசி வெட்டுகளை மெல்லியதாக எடுத்தார். பிறகு செப்பு லாப்பில் எமரி பசை தடவி இரண்டு மாலை தேய்த்தார். மண்ணெண்ணெயில் கழுவி, எண்ணெய் தடவி, அடிவாயை உள்ளங்கையால் பொத்தி பிஸ்டனை விட்டார். அது விழவில்லை, மிதந்தது. மறுநாள் எஞ்சின் ஓடியது.

பரிசு எங்களுக்கு. அறிக்கையில் நான்கு பெயர். அண்ணாச்சி பெயர் இல்லை. எழுதியவன் நான்தான். அவரும் கேட்கவில்லை. கேட்காததே இன்றுவரை உறுத்துகிறது. உலகமே வாட்டைத் தெரிந்து வைத்திருக்கிறது; வில்கின்சனை எத்தனை பேருக்குத் தெரியும்?

இன்று படிக்கும் தம்பி தங்கைகளே, உங்கள் அறிக்கையின் முதல் பக்கத்தில் இன்னும் ஒரு வரிக்கு இடம் இருக்கும். துளையை வட்டமாக்கித் தந்தவர் பெயரை அங்கே எழுதிவிடுங்கள்.