துரோகியும் டெர்ஹாக்காவும்: ஒரு வேரின் இரு கிளைகள்

பெரும்பகைவனைச் சுட்ட மலேசியாவின் பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் தமிழரிடம் சொற்களுக்குப் பஞ்சமில்லை: பரம எதிரி, பரம விரோதி, சென்மப் பகையாளி. இவற்றின் அடைகள் பகையின் அளவைச் சொல்கின்றன; தன்மையைச் சொல்வதில்லை. தன்மையைச் சொல்வது ‘துரோகி’ என்ற சொல்லே என்பது என் துணிபு. எதிரி எதிரே நிற்பவன். துரோகி நேற்றுவரை நம் பக்கம் நின்றவன். ‘பகை’யை ‘பகு’ என்னும் வேரோடு இணைத்தால், ஒன்றாயிருந்தது பிளந்ததே பகை என்றாகிறது. வள்ளுவரும் பகை பற்றிய அதிகாரங்களோடு நில்லாமல் உட்பகைக்குத் தனி அதிகாரம் (89) வகுத்தார்.

துரோகி பிறந்த வடமொழி வேரிலிருந்தே மலாயில் வந்த சொல் ‘டெர்ஹாக்கா’. இரண்டிலும் ககரம் ஒலிப்பதால், கடை, கப்பல், கட்டில் போல இதுவும் தமிழ்வழி மலாய்க்குப் போனது என்று எண்ணத் தோன்றும். அது பிழை. துரோகியின் ககரம் வடமொழி ஹகரத்தின் திரிபு. மலாய்ச் சொல்லில் ஹகரம் அப்படியே இருக்கிறது. அதன் ககரமோ ‘த்ரோஹக’ என்ற வடிவின் ஈற்றுக்கு உரியது. தமிழ் வாயைக் கடந்திருந்தால் அந்த ஹகரம் பிழைத்திராது. இரு மொழிகளும் தனித்தனியே பெற்ற சொல் இது.

காலமும் இதற்குச் சான்று. பங்கா தீவில் கிடைத்த ஸ்ரீவிஜயப் பேரரசின் கோத்தா கப்பூர்ப் பழைய மலாய்க் கல்வெட்டு (கி.பி. 686) அரசுக்கு இரண்டகம் செய்வோரை ‘த்ரோஹக’ என்றே பெயரிட்டுச் சபிக்கிறது. ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின், முதலாம் இராசராசனின் உடையார்குடிக் கல்வெட்டு சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்களைத் துரோகிகள் என்கிறது. அவர்களில் ஒருவன் ‘இருமுடிச்சோழ பிரமாதிராசன்’ என்று சோழர் பெயராலேயே பட்டம் பெற்றிருந்தவன்! இரு கல்வெட்டுகளிலும் தண்டனை சுற்றத்தார்மேலும் பாய்கிறது. அயலான் பகைவனானால் அவனோடு போர் முடியும். உள்ளிருந்தவன் பிளந்தால் அவன் குடியே அச்சத்துக்குரியதாகிவிடுகிறது.

பின்னர் பொருள்கள் பிரிந்தன. தமிழில் நட்புத் துரோகம், நம்பிக்கைத் துரோகம் எனச் சமமானவரிடையேயும் சொல் பரவியது. மலாயிலோ அது பெரும்பாலும் மேல்நோக்கியே நின்றது: மன்னனுக்கு எதிராக, பெற்றோருக்கு எதிராக. மலாய்க் கதையில் தாயை மறுத்த சி தங்காங் ‘அனாக் டெர்ஹாக்கா’ (துரோகி மகன்) ஆனான். கல்லான அவன் கப்பல்தான் பத்துமலை என்று மலாய் மக்கள் கதை சொல்வர்.

1892 முதல் தைப்பூசம் நடக்கும் மலையும் அதுவே. அங்கே 42.7 மீட்டர் உயரத்தில் வேலோடு நிற்கும் முருகனுக்கும் பரம எதிரி ஒருவன் உண்டு. மாமரமாய் நின்ற சூரபன்மனை வேல் இரண்டாகப் பகுத்தது. ஒரு பாதி மயிலாகி முருகனைச் சுமக்கிறது. மறுபாதி சேவலாகி அவன் கொடியில் இருக்கிறது.