கோவில்பட்டியின் ஏழு நிமிஷம்

கோவில்பட்டின்னு சொன்னா வெளியூர்க்காரங்க கடலைமிட்டாய்ம்பாங்க, இல்லேன்னா தீப்பெட்டிம்பாங்க. கொஞ்சம் படிக்கிற ஆளா இருந்தா இடைசெவல், கி.ரா., கு.அழகிரிசாமின்னு ஆரம்பிச்சிருவாங்க. ஹாக்கின்னு சொல்றவங்க ரொம்பக் கம்மி. ஆனா கரிசக்காட்டுல கிரிக்கெட் மட்டைக்குச் சரிசமமா ஹாக்கி மட்டையோட பசங்க சைக்கிள்ல போறதை இந்த ஊர்லதான் பார்க்க முடியும்.

இங்கிலாந்து, வேல்ஸ் பக்கம் மூணாவது, நாலாவது டிவிஷன்ல ஃபுட்பால் ஆடுற ஒரு ஸ்ட்ரைக்கர் எந்த மேட்ச்ல எத்தனையாவது நிமிஷத்துல கோல் போட்டான்னு எழுதி வைக்க ஒரு கூட்டமே இருக்கு. நம்ம ஊர்ல இந்தியாவுக்கே ஆடினாலும் ரெண்டாவது வாரத்துல மறந்துருவோம். அதனால இது ரெண்டு பேரைப் பத்தின பதிவு. சக்திவேல் மாரீஸ்வரன், கோவில்பட்டிக்காரர். செல்வம் கார்த்தி, சொந்த ஊர் அரியலூர், ஹாக்கி பழகினது கோவில்பட்டியில. கார்த்தி ஃபார்வர்டு. மாரீஸ்வரன் நடுக்களத்துல இருந்து முன்னால ஏறி ஆடுறவர்.

அதுக்கு முன்னாடி தரையைப் பத்திக் கொஞ்சம். கரிசல் மண்ணு மழை பேஞ்சா காலோட ஒட்டிக்கிட்டு வரும், வெயிலடிச்சா பாளம் பாளமா வெடிக்கும். சரளை கொட்டிச் சமன் பண்ணித்தான் ஆடணும். அந்தத் தரையில பந்து எங்க எகிறும்னு பந்துக்கே தெரியாது, அதனால மட்டையோட பந்தை ஒட்டி வச்சுக்கிற வித்தை தன்னால வந்துரும். 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்ஸ்ல முதல் தடவையா செயற்கைப் புல்தரையில ஹாக்கி நடந்தது. இந்தியா ஏழாவது இடம். அதுக்கப்புறம் வித்தையை விட வேகமும் உடம்பும்தான் பேசிச்சு. செயற்கைத் தரை இல்லாத ஊர்ப் பையன் எவ்வளவு நல்லா ஆடினாலும் தேர்வுக்குப் போன இடத்துல ஷூ வழுக்கி நிப்பான். 1980ல மாஸ்கோவில தங்கம் வாங்கின அணிக்கு கேப்டன் நம்ம வி.பாஸ்கரன்தான். அப்புறம் முகமது ரியாஸ், ஆடம் சின்கிளேர்னு வந்தாங்க. அவங்கள்லாம் சென்னை, கோயம்புத்தூர். (தன்ராஜ் பிள்ளை தமிழர்தான், ஆனா பிறந்து வளர்ந்தது புனே பக்கம் கட்கியில. அவரை நம்ம கணக்குல சேர்த்துக்கிறது கொஞ்சம் ஓவர் :-)) 

கோவில்பட்டிக்கு செயற்கைத் தரை ரொம்ப லேட்டாத்தான் வந்தது. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தோட ஹாக்கி விடுதியும் இருந்ததால அரியலூர் மாதிரி ஊர்கள்ல இருந்து பசங்க இங்க வந்து தங்கிப் பழக முடிஞ்சது.

2022 மே மாசம் ஜகார்த்தாவில ஆசியக் கோப்பை. 2023 உலகக் கோப்பையை இந்தியாவே நடத்துறதால நமக்கு அதுல இடம் ஏற்கெனவே உறுதி. அதனால முதல் நிலை அணியை அனுப்பாம இளசுகளை அனுப்பினாங்க. கோச் சர்தார் சிங், கேப்டன் பிரேந்திர லாக்ரா. ரெண்டாம் டிவிஷன்னே வச்சுக்கலாம்.

மே 23, பாகிஸ்தானோட மேட்ச். கார்த்திக்கும் மாரீஸ்வரனுக்கும் அதான் முதல் சர்வதேச ஆட்டம். முதல் குவார்ட்டர்லயே (இது வேற குவார்ட்டர் மக்களே, 15 நிமிஷ குவார்ட்டர்) கார்த்தி கோல் போட்டார். கடைசி நேரத்துல பாகிஸ்தான் சமன் பண்ணி 1-1. மறுநாள் ஜப்பான்கிட்ட 2-5னு உதை. கடைசி லீக் மேட்ச்ல இந்தோனேசியாவை 15 கோல் வித்தியாசத்துல ஜெயிச்சாத்தான் அடுத்த சுற்றுங்கிற நிலைமை. 16-0ன்னு ஜெயிச்சாங்க! அதுல கார்த்திக்கு ரெண்டு. பாகிஸ்தான் வெளிய போனது மட்டுமில்ல, உலகக் கோப்பை வாய்ப்பும் போச்சு.

சூப்பர் 4ல ஜப்பானை 2-1ன்னு ஜெயிச்சாச்சு, மலேசியாவோட 3-3. மே 31 கொரியாவோட கடைசி மேட்ச். அன்னிக்கே மலேசியா ஜப்பானை 5-0ன்னு அடிச்சு கோல் வித்தியாசத்தை ஏத்திக்கிட்டதால நமக்கு டிரா போதாது, ஜெயிச்சே ஆகணும். பாதி ஆட்டத்துல 3-3. 37வது நிமிஷம் மாரீஸ்வரன் கோல் போட்டார். 4-3. அந்தக் கணக்குப்படி இந்தியா ஃபைனல்ல.

ஏழு நிமிஷம் ஃபைனல்ல இருந்தோம். 44வது நிமிஷம் கொரியா சமன் பண்ணிருச்சு. மிச்சம் இருந்த 16 நிமிஷத்துல ரெண்டு பக்கமும் கோல் விழல. மலேசியா, கொரியா, இந்தியா மூணு பேருக்கும் 5 புள்ளி. கோல் வித்தியாசம் மலேசியாவுக்கு 5, கொரியாவுக்கு 2, நமக்கு 1. கொரியா ஃபைனலுக்குப் போயி கோப்பையையும் தூக்கிட்டுப் போச்சு. நாம ஜப்பானை 1-0ன்னு ஜெயிச்சு வெண்கலம்.

அந்த நாலாவது கோல் வெற்றி கோலா நின்னிருந்தா மாரீஸ்வரன் பேரு பேப்பர்ல தலைப்புலயே வந்திருக்கும். டிரா ஆன மேட்ச்ல நாலாவது கோல் அடிச்சவர் பேரு அடைப்புக்குறிக்குள்ளதான் வரும். ஃபார்வர்டு பொழப்பு அப்படி. நிறைய ஃபார்வர்டுகளோட கணக்கு இந்த மாதிரி அடைப்புக்குறிக்குள்ளயே முடிஞ்சு போயிருக்கு.

2023 ஜனவரி உலகக் கோப்பை அணியில ரெண்டு பேருமே இல்ல. ஆனா கார்த்தி விடல. அந்த மார்ச்சுல ரூர்கேலாவில உலக சாம்பியன் ஜெர்மனியை 6-3ன்னு ஜெயிச்சப்போ ரெண்டு கோல். ஆகஸ்ட்ல சென்னை எழும்பூர் ஸ்டேடியத்துல ஆசிய சாம்பியன்ஸ் டிராஃபி. மலேசியாவை 5-0ன்னு ஜெயிச்ச மேட்ச்ல முதல் கோல் கார்த்தியோடது, சொந்த மாநில ஜனங்க முன்னாடி. ஃபைனல்ல அதே மலேசியா, பாதியில 1-3ன்னு பின்தங்கி 4-3ன்னு ஜெயிச்ச மேட்ச், பார்த்தவங்களுக்குத் தெரியும். அதுக்கடுத்த ஆசிய விளையாட்டுப் போட்டி அணியில இடமில்ல. 2024 பாரிஸ்லயும் இல்ல. மந்தீப், அபிஷேக், சுக்ஜீத்னு வரிசை கட்டி நிக்கிறப்போ நாலாவது, அஞ்சாவது ஃபார்வர்டுக்கு மட்டையைத் துடைச்சு வச்சுக்கிட்டு காத்திருக்கிறதுதான் வேலை.

2025ல ராஜ்கிர்ல நடந்த ஆசியக் கோப்பையில இந்தியா சாம்பியன். ஃபைனல்ல தோத்தது அதே கொரியாதான், 4-1. கார்த்தி பேரு அந்தப் பட்டியல்ல மாற்று வீரர்னு இருந்தது.

கோவில்பட்டி பழைய ஆட்டக்காரங்க கதை யாராவது எழுதியிருந்தா பின்னூட்டத்துல சுட்டி கொடுங்கப்பா. சரளைத் தரை காலத்துக் கதையா இருந்தா இன்னும் விசேஷம்.