அந்தக் கிராஃபை வரைந்தது யார்?

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

போன மாதம் என் பழைய மாணவன் ஒருவன் தன் முனைவர் பட்ட ஆய்வேட்டை அனுப்பியிருந்தான். எனக்குப் பாதிகூடப் புரியவில்லை. ஆனால் கிராஃப்களை மட்டும் ஒவ்வொன்றாக நிதானமாகப் பார்த்தேன். அச்சுக்குப் பெயர் எழுதவில்லை, அளவுத்திட்டம் குறிக்கவில்லை என்று எத்தனை பேருக்கு மார்க் குறைத்திருப்பேன் என்பது உங்களுக்கே தெரியும். இதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. நன்றியுரையில் நெறியாளர், பெற்றோர் தொடங்கி விடுதி மெஸ் சமையல்காரர் வரை எல்லாரும் இருந்தார்கள். (நானும் இருந்தேன்.) போனில் கூப்பிட்டு, "கிராஃபெல்லாம் எதிலப்பா வரைஞ்ச?" என்று கேட்டேன். "மேட்பிளாட்லிப் சார். ஃப்ரீதான்" என்றான். "யார் எழுதினது?" என்றேன். தெரியவில்லை. பிறகு நானே தேடிப் படித்தேன்.

எழுதியவர் பெயர் ஜான் ஹன்டர். அமெரிக்காவில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் நரம்பு உயிரியல் படித்தவர். வலிப்பு நோய் சிலருக்கு மருந்தில் அடங்காது. அவர்களுக்கு மூளையில் அறுவை சிகிச்சை தேவைப்படலாம். வலிப்பு எந்த இடத்தில் தொடங்குகிறது என்று தெரிந்தால்தான் கத்தி வைக்க முடியும். அதற்காக மூளையின் மேற்பரப்பிலேயே மின்முனைகளை வைத்து மின்னலைகளைப் பதிவு செய்வார்கள். அந்த அலைகளைத் திரையில் பார்த்து ஆராய்வது ஹன்டரின் வேலை.

அதற்கான மென்பொருள் ஒரு நிறுவனத்தின் விலைச்சரக்கு. ஆய்வகத்துக்கு ஒரே ஒரு லைசென்ஸ்தான் இருந்தது. டாங்கிள் என்கிற சிறிய சாவியைக் கணினியில் செருகினால்தான் அது இயங்கும். ஆய்வு மாணவர்கள், மருத்துவ மாணவர்கள், பெரிய ஆராய்ச்சியாளர்கள் எல்லாரும் அந்த ஒரு சாவியை முறைவைத்து மாற்றிக்கொண்டார்கள். பள்ளி லேபில் ஒரே ஸ்க்ரூகேஜுக்காக ஒரு வகுப்பே காத்திருந்தது எனக்கு நினைவு வந்தது. ஆனால் நாம் அளந்தது கம்பியின் விட்டம். அங்கே காத்திருந்தது நோயாளியின் மூளைப் பதிவு.

ஹன்டர் முதலில் மேட்லேப் என்ற மென்பொருளில் மாற்று ஏற்பாடு செய்து பார்த்தார். ஓரளவு வந்தது. ஆனால் மேட்லேப் எல்லாவற்றையும் எண் வரிசையாகவே பார்க்கும். ஸ்கேன் படங்கள், மின்பதிவுகள், வெவ்வேறு கணினிகளில் கிடக்கும் மருத்துவமனைப் பதிவேடுகள் என்று சேரச் சேர அது திணறியது. அதனால் யாரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய பைதான் மொழிக்கு மாறினார். அதில் மேட்லேப் போலக் கிராஃப் வரையும் வசதி இல்லை.

அதே சமயத்தில் கொலம்பியா நாட்டிலிருந்து போன ஃபெர்னாண்டோ பெரஸ் என்ற இயற்பியல் மாணவர், கொலராடோவில் ஆய்வேடு எழுதவேண்டிய நேரத்தில் ஐபைதான் என்ற கருவியைச் செய்துகொண்டிருந்தார். 2001-இல் வந்த அதன் முதல் வடிவம் மொத்தமே 259 வரிகள். அதில் கிராஃப் வசதி சேர்க்க ஹன்டர் நிரல் எழுதி அனுப்பினார். இப்போது ஆய்வேட்டை முடிக்கவேண்டும், இதைப் பார்க்கப் பல மாதம் ஆகும் என்று பெரஸ் பதில் போட்டார். சரி, தனியாகவே செய்வோம் என்று ஹன்டர் இறங்கினார். 2003-இல் மேட்பிளாட்லிப் வெளிவந்தது. யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், மாற்றலாம், தாங்கள் விற்கும் பொருளிலும் சேர்க்கலாம் என்ற உரிமத்தோடு கொடுத்தார்.

ஹபிள் தொலைநோக்கியின் அறிவியல் பணிகளைக் கவனிக்கும் நிலையம் ஆரம்பத்திலேயே இதை ஏற்று உதவியது. ஹன்டர் 2005 வாக்கில் ஆய்வுலகத்தை விட்டு ஒரு வர்த்தக நிறுவனத்தில் சேர்ந்தார். மேட்பிளாட்லிப்பை மட்டும் விடவில்லை.

2012 ஜூலையில் டெக்சஸ் மாநிலம் ஆஸ்டினில் நடந்த சைபை மாநாட்டில் முக்கிய உரை ஆற்றினார். அதற்குப் பிறகுதான் புற்றுநோய் என்று தெரிந்தது. சிகிச்சையில் ஏற்பட்ட சிக்கல்களால் ஆகஸ்ட் 28 அன்று காலமானார். வயது 44. மூன்று பெண் குழந்தைகள். அவர்களுக்காக நண்பர்கள் நிதி திரட்டினார்கள்.

மற்றவர்கள் வேலையைத் தொடர்ந்தார்கள். அதில் எனக்கு மிகவும் பிடித்தது வண்ண விஷயம். வெப்பநிலை போன்ற அளவுகளை நிறத்தால் காட்டும்போது, மேட்பிளாட்லிப் முதலில் வானவில் நிறங்களைத்தான் தானாகவே எடுத்துக்கொள்ளும். அழகாக இருக்கும், ஆனால் பொய் சொல்லும். தரவு சீராக ஏறினாலும் மஞ்சள் வரும் இடத்தில் ஏதோ விளிம்பு இருப்பதுபோலக் கண்ணுக்குத் தோன்றும். கறுப்பு வெள்ளையில் அச்சடித்தால் எது அதிகம் எது குறைவு என்றே தெரியாது. 2015-இல் நதானியல் ஸ்மித்தும் ஸ்டெஃபான் வான் டெர் வால்ட்டும் கரு ஊதாவில் தொடங்கி, பச்சை வழியாக மஞ்சளில் முடியும் 'விரிடிஸ்' வரிசையை உருவாக்கினார்கள். வெளிச்சம் படிப்படியாகச் சீராக ஏறும். சிவப்பு பச்சை பிரித்தறிய முடியாதவர்களுக்கும் புரியும். 2017 முதல் அதுவே இயல்பான நிறவரிசை. என் மாணவனின் ஆய்வேட்டிலும் அதே ஊதாவும் மஞ்சளும்தான்.

2019 ஏப்ரல் 10 அன்று கருந்துளையின் முதல் படம் வெளியானது. எல்லாருமே பார்த்திருப்பீர்கள். அதை உருவாக்கியதில் மேட்பிளாட்லிப்புக்கும் அதைச் சார்ந்த கருவிகளுக்கும் பங்கு உண்டு. சரியாக ஐந்து நாள் கழித்து, அந்தக் கருவிகளைப் பராமரிக்க நிதி கேட்டிருந்த விண்ணப்பத்தை அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை நிராகரித்தது. போதிய தாக்கம் இல்லையாம்! படித்துவிட்டுச் சிறிது நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அதே ஆண்டு நவம்பரில் சான் சக்கர்பெர்க் இனிஷியேட்டிவ் நிதி கொடுத்தது என்பது ஓர் ஆறுதல்.

நிதி கேட்டுப் போகிறவர்களிடம், இதை யார் பயன்படுத்துகிறார்கள், சான்று எங்கே என்றுதான் கேட்பார்கள். ஆய்வுக் கட்டுரைகளில் குறிப்பிடாவிட்டால் சான்று எங்கிருந்து வரும்? ஹன்டர் 2007-இல் 'கம்ப்யூட்டிங் இன் சயின்ஸ் அண்ட் இன்ஜினியரிங்' இதழில் எழுதிய ஆறு பக்கக் கட்டுரை இருக்கிறது. அதைத் துணைநூற்பட்டியலில் சேர்த்தால் போதும், ஒரு வரிதான். இதை என் மாணவனிடம் சொன்னேன். இப்போது எழுதும் கட்டுரையில் 'ஹன்டர், 2007' என்று சேர்த்து, நேற்று ஸ்க்ரீன்ஷாட் அனுப்பியிருக்கிறான்.