புவாந்தாபீத்ரில் ஒலிக்கும் தப்பு

ராஜகீழ்ப்பாக்கத்தில் வேளச்சேரி சாலையோர டீக்கடையில் நண்பர்கள் கூடும்போது கரீபியன் பேச்சு ஹவானாவில் தொடங்கி ஹவானாவிலேயே முடியும். “போனா அந்த ஊருக்குத்தான் போகணும். பாட்டும் புரட்சியும் ஒண்ணா இருக்கிற ஊர் வேற எங்க இருக்கு?” என்பார் ஒருவர். சாந்தியாகோ என்று திருத்துவார் இன்னொருவர். 1953 ஜூலை 26 அன்று மொன்காதா படைமுகாம் தாக்கப்பட்டது அங்கேதானே. இரண்டும் சரிதான். ஆனால் மூன்றாவதாக ஒரு ஊர் இருக்கிறது: இன்றும் பிரான்சின் பகுதியாகவே நீடிக்கும் குவாதலூப் தீவின் துறைமுகம், புவாந்தாபீத்ர். அங்கே பாட்டும் உண்டு, கலகமும் உண்டு, நம் ஆட்களும் உண்டு. கியூபா நமக்கு ஆதர்சம். இந்த ஊரோ நம்மைக் கேள்வி கேட்கிறது.

துறைமுகத்தையொட்டிய ‘வெற்றிச் சதுக்க’த்திலிருந்து தொடங்கலாம். பிரெஞ்சுப் புரட்சி இத்தீவுக்கு 1794-இல் வந்து சேர்ந்தது. விக்தோர் ஹ்யூக் ஒரு கையில் அடிமை ஒழிப்பு ஆணையையும் மறு கையில் கில்லட்டினையும் கொண்டு வந்தார். ஆங்கிலேயரை விரட்டிய அந்த வெற்றியின் பெயர்தான் சதுக்கத்துக்கு. எட்டே வருஷத்தில், 1802-இல், நெப்போலியனின் படை அடிமைமுறையை மீட்க வந்து இறங்கியது. எதிர்த்து நின்ற இன்யாஸ் நகரின் விளிம்பில் பெம்பிரிட்ஜில் மடிந்தார். மே 28 அன்று லூயி தெல்க்ரேஸும் சுமார் முந்நூறு தோழர்களும், சரணடைவதைவிடச் சாவதே மேல் என்று மத்தூபாவில் வெடிமருந்துக்குத் தீயிட்டு மாண்டனர். கருவுற்றிருந்த சொலித்யூத் என்ற பெண் போராளியைப் பிள்ளை பிறக்கும்வரை வைத்திருந்து, பிறகு கொன்றார்கள்.

இந்த வரலாற்றை நாம் உணர்ச்சியோடு வாசிக்கிறோம். நமக்குச் சொந்தமான கதைபோலவே தோன்றுகிறது. சங்கடம் அடுத்த பக்கத்தில் இருக்கிறது.

1848-இல் அடிமைமுறை இரண்டாம் முறையாக, இறுதியாக ஒழிந்தது. விடுதலை பெற்றவர்கள் பழைய எஜமானனின் கரும்புக் காட்டுக்குத் திரும்ப மறுத்தார்கள், திரும்பியவர்கள் நியாயமான கூலி கேட்டார்கள். தோட்ட முதலாளிகள் அதற்குக் கண்டுபிடித்த பதில் நாம்தான். 1854 டிசம்பர் 24 அன்று ‘ஒரேலி’ என்ற கப்பல் இந்தத் துறைமுகத்தில் இந்தியக் கூலிகளை இறக்கியது. அதிலிருந்து 1889 வரை ஏறத்தாழ 42,000 பேர் வந்தார்கள். புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறிய தமிழர்கள் அவர்களில் பெரும்பங்கு. ஐந்து வருஷ ஒப்பந்தம். திரும்பி வந்தவர்கள் சிறுபான்மை. பஞ்சத்துக்கும் சாதிக்கும் தப்பி ஓடியவர்களை, ஏமாற்றி ஏற்றப்பட்டவர்களை, இன்னொருவரின் விடுதலையை மலிவாக்கும் கருவியாக மூலதனம் பயன்படுத்தியது. கறுப்பினத் தொழிலாளி இவர்களைக் கூலியைக் கெடுக்க வந்தவர்களாகப் பார்த்தார். ‘கூலி’, ‘மலபார்’ என்ற சொற்கள் வசவாயின. அந்த வசவை இனவெறி என்று மட்டும் ஒதுக்கினால் வரலாறு புரியாது. அதற்குள் ஒரு வர்க்கக் கோபம் தவறான முகவரியில் போய்ச் சேர்ந்திருக்கிறது.

இனி இசைக்கு வருவோம். உப்பிட்ட இறைச்சி வந்த பீப்பாய்களில் ஆட்டுத்தோல் போர்த்து அடிமைகளின் வழிவந்தவர்கள் உருவாக்கியது ‘குவோகா’. கனவான்கள் அதைக் காதில் வாங்கவே கூசினார்கள். அந்த முரசின் மாபெரும் கலைஞர் வேலோ 1984-இல் வறுமையில் இறந்தார். இன்று நகரின் நடைபாதைத் தெருவில் அவருக்குச் சிலை இருக்கிறது. 2014-இல் யுனெஸ்கோ குவோகாவை மனிதகுலத்தின் மரபாக ஏற்றது. இதே தீவில், மாரியம்மன் ‘மாலியெமென்’ ஆகவும் மதுரைவீரன் ‘மதுரை விரான்’ ஆகவும் குடிகொண்ட கோயில்களில், ‘தப்பூ’ என்ற பெயரிலேயே நம் தப்பு ஒலிக்கிறது. நாடகம் அங்கே ‘நாத்ரோன்’. ஒரே கரும்புக் காட்டில் இரண்டு இழிவுபடுத்தப்பட்ட தோல்கருவிகள். நம்மூரில் பறையை யார் தலையில் கட்டினோம், 1990களில் தலித் கலைவிழாக்கள் அதை எப்படி மீட்டெடுத்தன என்பதை இந்த வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதை மறந்துவிட்டுத் ‘தமிழன் கடல் கடந்தான்’ என்று மார்தட்டுவோமானால், கப்பலேறியது எந்தச் சேரி என்ற கேள்வியைக் கடலிலேயே மூழ்கடிக்கிறோம்.

இரண்டு முரசுகளும் தானாக ஒன்று சேரவில்லை. ஹென்றி சிதம்பரம் 1904-இல் இந்தியர்களின் பிள்ளைகளுக்கு வாக்குரிமை கேட்டு வழக்காடத் தொடங்கினார். வெற்றி வர 1923 ஆயிற்று. 1952-இல் மூல் என்ற ஊரில் கரும்புத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் நான்கு பேர் சுடப்பட்டு இறந்தார்கள். 1967 மே மாதம் புவாந்தாபீத்ரில் கட்டடத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டுச் சதுக்கத்தருகே திரண்டபோது துப்பாக்கிச் சூடு நடந்தது. அரசுக் கணக்கில் 8 பேர். 1985-இல் ஒரு பிரெஞ்சு அமைச்சரே 87 என்றார். தமிழ் வம்சாவளியான எர்னஸ்ட் முத்துசாமி கம்யூனிஸ்டாக அரசியலுக்கு வந்து, 1981 முதல் குவாதலூப்பின் நாடாளுமன்ற உறுப்பினரானார். கூலிகளின் கதையை நாவலாகவும் எழுதினார். 2009-இல் விலைவாசிக்கு எதிராகத் தொழிற்சங்கங்களும் பண்பாட்டுக் குழுக்களும் சேர்ந்து 44 நாள் தீவையே நிறுத்தியபோது ஊர்வலங்களின் முன்னே போனது குவோகாதான். கூலிகெடுக்க இறக்கப்பட்டவரின் வாரிசு தோழராவதற்கு ஒரு நூற்றாண்டு பிடித்தது.

1869-இல் திறந்து 1980-இல் மூடிய தார்பூசியே சர்க்கரை ஆலை நின்ற இடத்தில், 2015-இல் அடிமைமுறை நினைவகம் எழுந்திருக்கிறது. போகிறவர்கள் அதைப் பார்க்கட்டும். போக முடியாத நாம் டீக்கடையிலிருந்து எழுந்து எதிரே பார்த்தால் போதும். அடுக்குமாடி எழும்பும் மனையில் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள் சாரம் கட்டுகிறார்கள். “இவனுங்க வந்துதான் நம்மாளு கூலி போச்சு” என்று நம் மேஸ்திரி சொல்கிறார். 1854-இல் புவாந்தாபீத்ர் துறைமுகத்தில் ஒலித்த அதே வாக்கியம் இது. அன்று அது நம்மைப் பார்த்துச் சொல்லப்பட்டது. மேஸ்திரியின் கோபத்தில் நியாயம் இருக்கிறது, முகவரிதான் தப்பு. கூலியைக் குறைத்தவன் சாரத்தின்மேல் நிற்பதில்லை.

ஹவானாவைப் பற்றி நாளைக்கும் பேசலாம் தோழர்களே. அதற்கு முன், அந்தச் சாரத்தில் நிற்பவர்கள் ராத்திரி தகரக் கொட்டகையில் என்ன பாடுகிறார்கள் என்று நம்மில் யாராவது போய்க் கேட்டிருக்கிறோமா?