கடிக்கும் குதிரையின் சரித்திரம்

கோடை விடுமுறையில் மலையூர் ஒன்றில் நடந்த பத்து நாள் குதிரையேற்ற முகாமுக்குப் போய்த் திரும்பிய என் மகள், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அங்கிருந்த ஆறு குதிரைகளின் குணாதிசயங்களை விவரிக்கத் தொடங்கிவிட்டாள். செவலைப் பெண்குதிரை கண்டிப்பான ஆசிரியை மாதிரி. முதுகில் இருப்பவர் கூனினால் நடையை நிறுத்திவிடும். வெள்ளை மட்டக்குதிரைக்குத் தீனி ஒன்றே குறி. பாதையோரம் பசும்புல் தெரிந்துவிட்டால் அதன் காதில் எந்தக் கட்டளையும் ஏறாது. கறுப்புக் குதிரை பார்க்க மலைபோல இருந்தாலும் காற்றில் பறக்கும் பிளாஸ்டிக் பையைக் கண்டால் நான்கடி பின்வாங்கும். பழுப்புக் குதிரைகள் இரண்டும் இணைபிரியாத் தோழர்கள். ஒன்றைச் சவாரிக்கு ஓட்டிச் சென்றால், அது திரும்பி வரும்வரை மற்றது கனைத்துக்கொண்டேயிருக்கும். ஆறாவது, சாம்பல் நிறக் குதிரை. அதைப் பற்றி அவள் சொன்னது ஒரே ஒரு சொல்தான்: "கடிக்கும்."

லாயத்துக் கதவிலேயே அப்படி எழுதி மாட்டியிருந்தார்களாம். அது பிறவிக் குணம் என்று பயிற்சியாளர் முதல் நாளே சொல்லிவிட்டாராம். இரவு சாப்பிடும்போது மகள் கேட்டாள்: "பிறக்கும்போதே ஒரு குதிரை கெட்டதாக இருக்குமாப்பா?" குப்புறத் தள்ளியதுமல்லாமல் குழியும் பறித்த குதிரையைப் பற்றிய பழமொழியைச் சொல்லிச் சிரிக்கவைக்கப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. யோசித்துப் பார்த்தால் அந்தப் பழமொழியிலும் குதிரைதான் குற்றவாளி. தள்ளுவதற்கு முன் சவாரி செய்தவர் என்ன செய்தார் என்பதை அது சொல்வதில்லை. அந்தக் கேள்விக்கு விடை தேடி நான் படித்தவற்றின் சாரமே இந்தக் கட்டுரை.

*

பிறவிக் குணம் என்று ஒன்று குதிரைக்கு இல்லை என்று சொல்லிவிட முடியாது. இன்று உலகெங்கும் உள்ள வளர்ப்புக் குதிரைகளின் மூதாதையர், வோல்கா, தோன் ஆறுகளை ஒட்டிய புல்வெளியிலிருந்து ஏறத்தாழ 4,200 ஆண்டுகளுக்கு முன் பரவத் தொடங்கியவர்கள் என்பதைப் பழைய எலும்புகளின் மரபணுக்களைக் கொண்டு 2021ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அந்தக் குதிரைகளில் இரண்டு மரபணுப் பகுதிகள் மனிதத் தேர்வின் அழுத்தமான தடயத்தைத் தாங்கியிருந்தன. ஒன்று முதுகெலும்பின் உறுதியோடு தொடர்புடையது. மற்றொன்று மனநிலையையும் மூர்க்கத்தையும் ஆளும் மூளைப் பகுதியின் வளர்ச்சியோடு தொடர்புடையது. ஆளைச் சுமக்கும் முதுகு, ஆளைப் பொறுக்கும் மனம் ஆகிய இரண்டையும் பார்த்தே அந்தப் புல்வெளி மக்கள் இனப்பெருக்கத்துக்குரிய குதிரைகளைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

ஆக, குதிரையின் குணத்தில் நம் முன்னோர் கைவைத்து நாலாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகிறது. சாதுவான குதிரையை 'இயல்பிலேயே சாது' என்று நாம் சொல்லும்போது, அந்த இயல்பின் ஒரு பகுதி மனிதரின் தேர்வு என்பதை மறந்துவிடுகிறோம்.

*

குணம் கெட்டது என்று ஒதுக்கப்பட்ட குதிரைகளில் உலகப் புகழ் பெற்றது அலெக்சாந்தரின் புக்கெபாலஸ். அந்தப் பெயருக்கு எருதுத் தலையன் என்று பொருள். தெசலி நாட்டு வணிகர் ஒருவர் அதைப் பதின்மூன்று தாலந்து விலைக்குப் பிலிப் மன்னரிடம் கொண்டுவந்தார் என்று புளூட்டார்க் எழுதுகிறார். அது யாரையும் அண்டவிடவில்லை. அதட்டிய குரல்களுக்கெல்லாம் முன்னங்கால்களைத் தூக்கி எழும்பியது. அடங்காத மிருகம் என்று மன்னர் அதைத் திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டார். சிறுவன் அலெக்சாந்தர் மட்டும் வேறொன்றைக் கவனித்தான். குதிரை தன் நிழலின் அசைவைக் கண்டு மிரண்டுகொண்டிருந்தது. அவன் அதைச் சூரியனை நோக்கித் திருப்பி நிறுத்தினான். நிழல் பின்னால் போனது. சிறிது நேரம் தடவிக்கொடுத்து, மெல்ல ஏறி அமர்ந்தான்.

இந்தக் கதையை வீரத்துக்கு உதாரணமாகவே நம் பாடப்புத்தகங்கள் சொல்லிவந்திருக்கின்றன. எனக்கோ இது ஒரு பிழைதிருத்தமாகத் தோன்றுகிறது. அங்கிருந்த பெரியவர்கள் அனைவரும் அச்சத்தை மூர்க்கம் என்று வாசித்தார்கள். ஒரு பையன் சரியாக வாசித்தான். கி.மு. 326இல் ஜீலம் நதிக்கரைப் போரை ஒட்டி அந்தக் குதிரை இறந்தபோது, அதன் பெயரால் ஒரு நகரமே அமைக்கப்பட்டது.

நம் செஞ்சிக்கும் இப்படியொரு கதை உண்டு. 1714இல் ஆற்காட்டு நவாபின் படையோடு பொருது மாண்ட தேசிங்கைப் பற்றிய கதைப்பாடலில், தில்லியில் எவராலும் அடக்க முடியாத குதிரையாகவே பாராசாரி அறிமுகமாகிறது. அதை அடக்கித்தான் தேசிங்கு தன் புகழைத் தொடங்குகிறான். கதை கேட்டு வளர்ந்த ஊர்களில் அரசனின் பெயரோடு குதிரையின் பெயரும் சேர்ந்தே வாழ்கிறது.

அலெக்சாந்தர் செய்ததை ஒரு முறையாகவே எழுதி வைத்தவர் கிரேக்கர் செனபோன். கி.மு. நான்காம் நூற்றாண்டில், அலெக்சாந்தருக்குச் சற்று முந்திய தலைமுறையில் வாழ்ந்தவர், போர் வீரர், சாக்ரதீசின் மாணவர். குதிரையேற்றம் பற்றிய அவருடைய சிறுநூல் இன்றும் படிக்கப்படுகிறது. கோபத்தோடு குதிரையை நெருங்காதே என்பது அவர் வற்புறுத்தும் விதி. ஒரு பொருளைக் கண்டு குதிரை மிரளும்போது அடித்தால், அந்தப் பொருளோடு வலியையும் சேர்த்து அது நினைவில் வைத்துக்கொள்ளும். மிரட்சி இரண்டு மடங்காகும் என்கிறார். நாட்டியமாடுபவரைச் சாட்டையால் அடித்து அழகாக ஆடவைக்க முடியாது என்பது அவருடைய ஒப்புமை. இருபத்துமூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாகியும் இதற்கு மேல் புதிதாகச் சொல்ல லாயங்களில் அதிகம் இல்லை.

*

சங்க இலக்கியத்தில் பெயர் பெற்ற குதிரைகள் இரண்டு உண்டு. கடையெழு வள்ளல்களைப் பட்டியலிடும் சிறுபாணாற்றுப்படை, காரியையும் ஓரியையும் சொல்லும்போது அவர்களின் குதிரைகளையும் அதே பெயர்களால் குறிக்கிறது. காரியின் குதிரை காரி. ஓரியின் குதிரை ஓரி. இருவரும் பகைவர்கள், காரி ஓரியைக் கொன்று கொல்லிமலையைச் சேரனுக்குக் கொடுத்தான் என்பது வரலாறு. தன் பெயரையே குதிரைக்கும் வைத்துக்கொண்ட, அல்லது குதிரையின் பெயராலேயே தானும் அறியப்பட்ட மனிதன், அந்த உயிரைத் தன்னிலிருந்து வேறாக எண்ணியிருப்பானா?

ஆனால் இதே நிலத்தின் வேறொரு பக்கத்தையும் புரட்டியாக வேண்டும். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் காயல் துறைமுகத்தில் ஓர்முஸ், கிஷ், ஏடன் ஆகிய இடங்களிலிருந்து குதிரைக் கப்பல்கள் வந்து இறங்கின. 1290களில் இங்கு வந்த மார்க்கோ போலோ, இந்நாட்டு மன்னர்கள் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு இரண்டாயிரம் குதிரைகளுக்கு மேல் வாங்குகிறார்கள் என்றும் ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்றும் எழுதினார். பராமரிப்புத் தெரிந்தவர்கள் இங்கே இல்லை. வேகவைத்த சோற்றையும் இறைச்சியையும் தீனியாகக் கொடுக்கிறார்கள். விற்கும் வணிகர்களோ லாடம் கட்டி வைத்தியம் பார்ப்பவர்களை இங்கு வரவிடுவதில்லை, குதிரை செத்தால்தானே அடுத்த ஆண்டும் விற்கலாம் என்கிறார்.

பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் தரும் கணக்கு இன்னும் பெரியது. ஆண்டுக்குப் பத்தாயிரம் குதிரைகள். தலைக்கு 220 செம்பொன் தினார். வழியில் கடலில் இறந்தாலும் விலை உண்டு. எண்களில் மிகை இருக்கலாம். என்னை நிறுத்தியது அவர் எழுதிய வேறொரு செய்தி. வந்திறங்கிய குதிரைகளை நாற்பது நாள் கயிற்றாலும் முளைகளாலும் லாயத்திலேயே பிணைத்து வைத்துக் கொழுக்கச் செய்கிறார்கள். பிறகு பயிற்சி ஏதும் தராமல், அங்கவடிகூட இல்லாமல், வீரர்கள் பேய்போல ஏறி ஓட்டுகிறார்கள். சாட்டையே தேவைப்படாமல் பறந்த குதிரைகள் சில காலத்திலேயே மந்தமும் மடமையும் அடைந்து எதற்கும் உதவாதவையாகின்றன என்கிறார்.

உடல் நலிந்தது மட்டுமா? மந்தம், மடமை என்று வஸ்ஸாஃப் சொல்வது குணம் மாறிப்போனதை. கப்பலில் ஏறும்போது ஒன்றாக இருந்த குதிரை, காயலில் ஓராண்டு கழித்து வேறொன்றாக ஆகியிருந்தது. அந்த மாற்றத்தைச் செய்தவர்கள் அதைக் குதிரையின் கணக்கில் எழுதிவிட்டு, அடுத்த கப்பலுக்குக் காத்திருந்தார்கள்.

காரிக்கும் ஓரிக்கும் பெயர் கிடைத்தது. காயலில் இறங்கிய ஆயிரக்கணக்கான குதிரைகளில் ஒன்றின் பெயர்கூட நமக்கு வந்துசேரவில்லை. மாணிக்கவாசகர் கதையில் நரிகள் பரிகளாகி, மீண்டும் நரிகளாகி லாயத்துக் குதிரைகளைக் கடித்துக் குதறியதை நாம் பக்தியோடு நினைவில் வைத்திருக்கிறோம். குதறப்பட்ட குதிரைகளை யாரும் நினைப்பதில்லை.

*

குதிரையின் குணத்தை அறிவியல் முறையில் விசாரித்த முதல் பெரிய நிகழ்ச்சி பெர்லினில் நடந்தது. வில்ஹெல்ம் ஃபான் ஆஸ்டன் என்ற ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், ஹான்ஸ் என்ற தன் குதிரைக்குக் கணக்குக் கற்பித்தார். கேள்வி கேட்டால் விடையின் எண்ணிக்கைக்கு ஏற்ப அது குளம்பால் தரையைத் தட்டும். 1904இல் கார்ல் ஸ்டும்ப் என்ற உளவியலாளர் தலைமையில் பதின்மூன்று பேர் கொண்ட குழு ஆராய்ந்து, இதில் மோசடி இல்லை என்றது. பிறகு ஸ்டும்பின் மாணவர் ஆஸ்கர் ஃபங்ஸ்ட் பொறுமையாகச் சோதனைகள் செய்து, 1907இல் முடிவுகளை நூலாக வெளியிட்டார். கேட்பவருக்கு விடை தெரிந்திருந்தால் குதிரைக்கும் தெரிந்தது. தெரியாவிட்டால் குதிரைக்கும் தெரியவில்லை. சரியான எண்ணை எட்டும்போது கேட்பவரின் தலை, தன்னையறியாமலே, மயிரிழை அளவு நிமிர்கிறது. ஹான்ஸ் அதைப் பார்த்துத் தட்டுவதை நிறுத்தியது. பக்கவாட்டில் மறைப்புக் கட்டியபோது, கேட்பவரின் முகத்தைப் பார்த்துவிட அது பெரும்பாடு பட்டதாம்.

இந்த நிகழ்ச்சியை ஏமாந்த மனிதர்களின் கதையாகவே பலரும் சொல்கிறார்கள். குதிரைக்குக் கணக்குத் தெரியவில்லை என்பது உண்மைதான். பதின்மூன்று அறிஞர்கள் கண்டுபிடிக்கத் தவறிய தலையசைவை அது மட்டும் படித்துக்கொண்டிருந்தது என்பதும் அதே அளவு உண்மை. ஹான்ஸுக்குக் கோபமும் வரும். விடை தவறும்போது அது ஃபங்ஸ்டைக் கடித்திருக்கிறது. ஆஸ்டனும் முன்கோபிதான். குதிரை தவறு செய்தால் அவர் கொதிப்பார்; அவர் கொதித்தால் குதிரையும் நிலைகொள்ளாது. யாருடைய குணம் யாருக்கு வந்தது என்று பிரித்துச் சொல்வது கடினம்.

1909இல் ஆஸ்டன் இறந்த பின் ஹான்ஸ் வேறு கைகளுக்கு மாறியது. 1916க்குப் பிறகு அதைப் பற்றிய பதிவு ஏதும் இல்லை. ஐரோப்பா குதிரைகளைப் போர்முனைக்கு அள்ளிக்கொண்டிருந்த காலம் அது. உலகமே பேசிய குதிரையும் பெயரில்லாதவற்றோடு போய்ச் சேர்ந்துவிட்டது.

ஹான்ஸ் படித்ததை எல்லாக் குதிரைகளும் ஓரளவு படிக்கின்றன என்பது இன்று தெரிந்திருக்கிறது. இங்கிலாந்தின் சஸெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வில், கோபமான மனித முகத்தின் புகைப்படத்தைக் கண்ட குதிரைகளின் இதயத் துடிப்பு விரைந்து ஏறியது. அவர்களும் போர்ட்ஸ்மத் பல்கலைக்கழகத்தினரும் 2018இல் இன்னொன்றைக் காட்டினார்கள்: புகைப்படத்தில் சினந்த முகத்தோடு பார்த்த ஆளைச் சில மணி நேரம் கழித்து நேரில் சாதாரண முகத்தோடு பார்த்தாலும், குதிரை எச்சரிக்கையாகவே நடந்துகொள்கிறது. அது நம்மைப் பற்றி ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறது. நாம் அதன் குணம் என்று வாசிப்பதில் பாதி, அந்தக் குறிப்பேட்டின் பக்கங்கள்.

*

மகளிடம் இவற்றையெல்லாம் என்னால் இயன்ற அளவு எளிமையாகச் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, முகாமில் யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னாள். சாம்பல் குதிரை எல்லோரையும் கடிக்கவில்லை. கையில் ஏதாவது பிடித்துக்கொண்டு போனவர்களை மட்டும்தான் கடிக்க வந்தது. தடி, துடைப்பம், ஒருமுறை குடை. வெறுங்கையோடு தண்ணீர்த் தொட்டியருகே நின்ற அவளை அது ஒன்றும் செய்யவில்லை. தோளில் மூக்கை வைத்துச் சற்று நேரம் நின்றதாம். முகாமில் ஏன் இதைச் சொல்லவில்லை என்று கேட்டேன். பெரியவர்கள் கதவில் எழுதிப் போட்டிருக்கும்போது நான் எப்படிச் சொல்வது என்றாள்.

அடுத்த கோடையில் மறுபடி அனுப்பினேன். போன அன்றே தொலைபேசியில் அழைத்தாள். ஐந்து குதிரைகள்தான் இருக்கின்றனவாம். சாம்பல் குதிரையை விற்றுவிட்டார்கள். எங்கே, யாருக்கு என்று அங்கே யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. அதன் பெயரைக் கேட்டேன். ஓராண்டாக அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த நாங்கள் இருவருமே, அதுவரை அதற்கு ஒரு பெயர் இருக்கும் என்று நினைத்துப் பார்க்கவில்லை.