அன்றாட உணவில் மறைந்துள்ள சர்க்கரை: குடும்பங்கள் அறிந்துகொள்ள வேண்டியவை

"இனிப்பே சாப்பிடுவதில்லை; ஆயினும் இரத்தச் சர்க்கரை குறையவில்லை" என்று நீரிழிவு நோயாளிகள் பலர் கூறுவதுண்டு. விருதுநகர் மாவட்டத்தில் இனிப்பு என்றால் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் கருப்பட்டி மிட்டாயுமே நினைவுக்கு வரும். அவற்றை இனிப்பு என்று அறிந்தே உண்கிறோம். ஆனால், தேநீர், பன், சத்துமாவுப் பானம் ஆகியவற்றின் வழியே நாள்தோறும் உடலில் சேரும் சர்க்கரை கணக்கில் வருவதில்லை.

சேர்க்கப்பட்ட சர்க்கரை என்றால் என்ன?

சமைக்கும்போதோ தயாரிக்கும்போதோ உணவில் கலக்கப்படும் சர்க்கரையே சேர்க்கப்பட்ட சர்க்கரை எனப்படும். சீனி, வெல்லம், நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் ஆகிய அனைத்தும் இதில் அடங்கும். கருப்பட்டி இயற்கையானது என்பதால் நீரிழிவு உள்ளவர்கள் அதனை அளவின்றிப் பயன்படுத்தலாம் என்பது தவறான கருத்து. அதுவும் இரத்தச் சர்க்கரையை உயர்த்தும். முழுப் பழத்திலும் பாலிலும் இயல்பாக உள்ள சர்க்கரை இக்கணக்கில் சேராது.

நாளொன்றுக்கு எவ்வளவு?

தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதலின்படி, சேர்க்கப்பட்ட சர்க்கரை நாளொன்றுக்கு 25 கிராமுக்கு மிகாமல் இருத்தல் நன்று. இது ஏறத்தாழ ஐந்து தேக்கரண்டி ஆகும். நீரிழிவு உள்ளவர்கள் இதனையும் இயன்றவரை தவிர்க்க வேண்டும்.

தேநீரில் தொடங்குங்கள்

பட்டாசு, தீப்பெட்டி, அச்சுத் தொழிலில் உள்ள ஒருவர் காலை முதல் மாலை வரை நான்கு முறை, ஒவ்வொரு முறையும் இரண்டு தேக்கரண்டி சீனியுடன் தேநீர் அருந்துவதாகக் கொள்வோம். மொத்தம் எட்டுத் தேக்கரண்டி, அதாவது 40 கிராம். ஓர் இனிப்பும் உண்ணாமலேயே அன்றைய வரம்பைக் கடந்துவிடுகிறார்.

• தேநீரில் சேர்க்கும் சீனியை வாரந்தோறும் அரைத் தேக்கரண்டி குறையுங்கள். சில வாரங்களில் நாக்கு பழகிவிடும்.
• பணியிடத்திற்குத் தூக்குவாளியில் மொத்தமாகக் கலந்து வரும் தேநீரில் அளவைக் குறைக்க இயலாது. சீனியைத் தனியாகத் தரச் சொல்லுங்கள்.
• தேநீருடன் உண்ணும் பன், ரஸ்க், பிஸ்கட்டுக்குப் பதிலாகச் சுண்டல் அல்லது ஒரு கைப்பிடி நிலக்கடலை உண்ணலாம்.

வெயிலுக்கு அருந்தும் பானங்கள்

கோலா வகைக் குளிர்பானம் 250 மில்லிலிட்டரில் ஏறத்தாழ 25 கிராம் சர்க்கரை இருக்கும். அது ஒரு நாளின் முழு அளவு. கலர், பன்னீர் சோடா, பொட்டலப் பழச்சாறு ஆகியவற்றிலும் சர்க்கரை மிகுதி. பதநீரிலும் சர்க்கரை உண்டு. தாகத்திற்குத் தண்ணீரும் நீர்மோருமே சிறந்தவை.

உப்பு சர்க்கரைக் கரைசல் (ஓ.ஆர்.எஸ்.) வயிற்றுப்போக்கிற்கான மருந்து, அன்றாடப் பானம் அன்று. உரிய கலவை இல்லாத இனிப்புப் பானங்களின் பெயரில் 'ஓ.ஆர்.எஸ்.' என்ற சொல்லைப் பயன்படுத்த இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2025 அக்டோபரில் தடை விதித்தது.

குழந்தைகளுக்கு

பாலில் கலக்கும் மால்ட் மாவுகள் பலவற்றில் சர்க்கரை கணிசமாக உள்ளது. இத்தகைய பானங்களை 'ஆரோக்கிய பானம்' என்னும் பிரிவிலிருந்து நீக்குமாறு மத்திய வர்த்தக அமைச்சகம் 2024 ஏப்ரலில் இணைய விற்பனை நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. இனிப்புச் சேர்க்காத பாலும் கேழ்வரகுக் கூழும் போதுமானவை. இரண்டு வயது நிறையாத குழந்தைகளுக்குச் சர்க்கரை சேர்த்த உணவு எதையும் கொடுக்க வேண்டாம்.

பொட்டலத்தைப் படியுங்கள்

• சேர்பொருள்கள் எடை மிகுந்ததிலிருந்து குறைந்தது என்ற வரிசையில் அச்சிடப்படுகின்றன. முதல் மூன்றில் சர்க்கரை இருந்தால் அதனைத் தவிர்ப்பது நல்லது.
• குளுக்கோஸ் சிரப், டெக்ஸ்ட்ரோஸ், ஃபிரக்டோஸ், இன்வர்ட் சிரப், பழச்சாறு அடர்கரைசல் ஆகியவையும் சர்க்கரையே.
• ஊட்டச்சத்து அட்டவணையில் 'சேர்க்கப்பட்ட சர்க்கரை' தனி வரியாக இருக்கும். 100 கிராமுக்கு உரிய அளவைக் கொண்டு ஒப்பிடுங்கள்.
• புளிப்பும் காரமுமாகச் சுவைக்கும் தக்காளி சாஸிலும் ஒரு மேசைக்கரண்டிக்கு ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி சர்க்கரை இருக்கும்.

எச்சரிக்கை

இன்சுலின் அல்லது நீரிழிவு மாத்திரை எடுத்துக்கொள்பவர்கள், உணவில் பெரும் மாற்றம் செய்யும் முன் மருத்துவரைக் கலந்தாலோசிக்க வேண்டும். திடீர் வியர்வை, நடுக்கம், படபடப்பு, தலைசுற்றல் ஆகியவை இரத்தச் சர்க்கரை மிகவும் குறைந்ததன் அறிகுறிகளாக இருக்கலாம். வெயிலால் வந்த வியர்வை என்று எண்ணி வேலையைத் தொடராதீர்கள். வெடிமருந்து கையாளும் இடத்தில் ஒருவருக்கு மயக்கம் ஏற்பட்டால் உடன் இருப்போருக்கும் ஆபத்து. உடனே பாதுகாப்பான இடத்திற்கு வந்து, மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்து அருந்த வேண்டும். 15 நிமிடங்களில் சீராகாவிடில் மீண்டும் அருந்தி, மருத்துவ உதவி பெற வேண்டும். நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108-ஐ அழைக்கவும்.

30 வயதைக் கடந்த அனைவரும் அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கட்டணமின்றி இரத்தச் சர்க்கரைப் பரிசோதனை செய்துகொள்ளலாம். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின்கீழ் இல்லத்திற்கு வரும் களப்பணியாளரிடமும் விவரம் கேட்கலாம். மருத்துவ ஆலோசனைக்கு 104 என்ற எண்ணை அழைக்கவும்.